துரை அடக்கி வைத்த இரவு

சத்தம் வந்துச்சா, வரலையா. வந்துச்சு. இல்ல, அது ஃபேன். இந்த ஃபேன் சுத்துக்கு ஒரு தடவை டக்குங்குது, அவர்கிட்ட சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம், ரயில்வே பட்டறையில இஞ்சினையே கழட்டி மாட்டின மனுஷன், சொந்த வீட்டு ஃபேனுக்கு ஆள் வரணுமாம். சரி, இப்ப ஃபேன் கிடக்கட்டும். துரை தூங்குறான். கூண்டுக் கம்பிக்குள்ள விட்ட என் விரல் அவன் முதுகு மேல இருக்கு, முதுகு ஏறுது, இறங்குது, ஏறுது, இறங்குது. மூணு மாச நாய்க்குட்டிக்கு என்ன முதுகு, பன்னு மாதிரி இருக்கான். ஹால் தரையில பாயைப் போட்டு, கன்னத்தைக் கூண்டுக்குப் பக்கத்துல வச்சு, ஐம்பத்தஞ்சு வயசுப் பொம்பளை ஒருத்தி படுத்திருக்கிறதை யாராவது பார்த்தா என்ன சொல்வாங்க. சொல்லட்டும். இன்னும் விடியலை, ஜன்னல் இப்பத்தான் கறுப்புல இருந்து சாம்பலுக்கு வரலாமான்னு யோசிக்குது. விடிஞ்சு கூண்டுக்குள்ள போட்ட இந்த விரிப்பு ஈரமா இருந்தா ஒன்பது மணிக்கு சேகரோட குட்டியானை வண்டி வாசலுக்கு வந்துடும், துரை அவனோட மண்ணச்சநல்லூர் தோப்புக்குப் போயிடுவான், அங்க மோட்டார் ரூம் பக்கத்துல சங்கிலியில கட்டிப் போடுவாங்க. நேத்து சோறு போடும்போதே சொல்லிட்டார். "அமலி, இன்னும் ஒரே ஒரு ராத்திரி. வீடே நாறுது. காலையில ஈரம் இருந்துச்சுன்னா சேகர் வண்டி வருது, அப்புறம் அழக் கூடாது." நான் அழுற ஆளா. சரின்னு ஒரே வார்த்தை சொன்னேன், ரசத்தை ஊத்தினேன். அவருக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு, இவ சண்டைக்கு வருவான்னு பார்த்தா சரிங்கிறாளேன்னு. ஏன் சரின்னேன்? தைரியம். எனக்குத் தெரிஞ்சு போச்சுல்ல, தப்பு எங்க இருக்குன்னு.

தப்பு என்கிட்டதான் இருந்துச்சு, அதைக் கண்டுபிடிச்சதும் நான்தான், அந்த ரெண்டாவதுக்கு எனக்கு ஒரு மாலை போட்டாத் தகும். ஜெரால்டு பெங்களூர்ல இருந்து குட்டியைக் கொண்டு வந்து விட்டுட்டு, "அம்மா, ராத்திரி கூண்டுல படுக்க வை, படுக்கிற இடத்தை நாய் அசிங்கம் பண்ணாது, ஒரு வாரத்துல பழகிடும்"னு சொல்லிட்டுப் போயிட்டான். மகன் சொன்னா வேதவாக்கு. கூண்டு வாங்கக் கடைக்குப் போனோம், சின்னது, நடுத்தரம், பெருசுன்னு மூணு இருந்துச்சு. என் கை தானாப் பெருசுக்குப் போச்சு. போகாம? எத்தனை வருஷம் யூனிஃபார்ம் கடையில நிக்கிறேன், ஒவ்வொரு ஜூன் மாசமும் எத்தனை அம்மாமார்கிட்ட, "வளர்ற பிள்ளைம்மா, ரெண்டு சைஸ் பெருசா எடுங்க, கீழ மடிச்சுத் தைச்சுக்கலாம்"னு சொல்லியிருக்கேன். தோள்பட்டை முழங்கையில தொங்கிக்கிட்டு ஒண்ணாங்கிளாஸ் போற பிள்ளைங்க பாதி என் கைங்கர்யம். அதே புத்தி. லேப்ரடார் நாய், கழுதை உசரம் வளரும்னான் ஜெரால்டு, அப்ப கழுதைக்கு எடுத்துருவோம்னு எடுத்துட்டேன். கடைக்காரப் பையன் வாயைத் திறந்தான், நானே அவனை அடக்கிட்டேன், "தம்பி, அளவு பத்தி எனக்கு நீ சொல்லாதே"ன்னு. எத்தனை கர்வம் பாரு. வீட்டுக்கு வந்து பார்த்தா துரை ஒரு மூலையில சுருண்டு தூங்குறான், பாதி ராத்திரியில எந்திரிச்சு, ஜோரா நடந்து, எதிர் மூலைக்குப் போய் காரியத்தை முடிச்சுட்டு, திரும்ப நடந்து வந்து தன் மூலையில படுத்துக்கிறான். அவன் படுக்கிற இடத்தை அவன் அசிங்கமே பண்ணலை. படுக்கையறையும் பின்னால கக்கூஸுமா நான்தான் வீடு கட்டிக் கொடுத்திருக்கேன். இவர் என்னடான்னா, "ஒரு அடி போட்டாத்தான் புத்தி வரும்"னு செய்தித்தாளைச் சுருட்டுறார். அன்னிக்குக் கத்தினேன் பாரு, மாடி வீடு முழுக்கக் கேட்டிருக்கும். கடையில ஒரு பையனுக்குத் தொளதொளன்னு இருந்த சட்டையை முதுகுப் பக்கம் குண்டூசி குத்திப் பிடிச்சுக் காட்டும்போதுதான் மண்டையில அடிச்ச மாதிரி வந்துச்சு. பிடிக்கணும். கூண்டைப் பிடிக்கணும். அன்னிக்கு பஸ்ஸுல நிக்க இடமில்லாம வந்தேன், ஆனா எனக்குக் கால் தரையிலேயே படலை. வந்ததும் வராததுமா பரண்ல இருந்து ஜெரால்டோட கேரம் போர்டை இறக்கி, கூண்டுக்கு நடுவுல நிறுத்தி, கடை நாடாவால நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். துரை திரும்பிப் படுக்கிற அளவுக்கு இடம், அவ்வளவுதான். அவன் போர்டை மோந்து பார்த்தான், என்னைப் பார்த்தான், வீடு சுருங்கிப் போச்சேங்கிற மாதிரி. வளர வளர அவுத்துத் தள்ளி வைக்கலாம்டா ராசா, இடத்தை மடிச்சுத் தைச்சிருக்கேன்னு சொன்னேன்.

ஏறுது, இறங்குது. நல்லாத் தூங்குறான். ஆனா அந்த ஃப்ரிட்ஜ் கதவு. அதை நினைக்கக் கூடாதுன்னு பார்க்கிறேன், சுத்திச் சுத்தி அங்கேயே வந்து நிக்குது. ராத்திரி நான் கண்ணசந்த நேரத்துல ஃப்ரிட்ஜ் கதவு திறந்துச்சு. ரப்பர் விடுற அந்த ச்ச்சுப்புங்கிற சத்தம். தூக்கத்துல கேட்டேனா, கனவா, தெரியலை. எழுந்திரிச்சிருக்கலாம், உடம்பு ஒத்துழைக்கலை, நாள் முழுக்க நின்ன கால். அவர்தான். வேற யாரு. முன்னாடி ஒரு நாள் கையும் களவுமாப் பிடிச்சேனே, லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, கூண்டுக்கு முன்னால குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, டவராவுல பாலை ஊத்திக் குடிக்கக் கொடுத்துக்கிட்டு இருக்கார். இது யாரு? இதை வீட்டை விட்டு அனுப்பணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிற அதே சவரிமுத்து. "ஏங்க, எட்டு மணிக்கு மேல தண்ணி கூடக் காட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?" "வாயில்லா ஜீவன் அமலி, தாகத்தோட படுக்குமா? பாவம் பிடிக்கும்." "பாலைக் கொடுத்துட்டு, பெய்ஞ்சுட்டான் பெய்ஞ்சுட்டான்னு காலையில குதிக்கிறது யாரு?" டவராவை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். இரக்கத்துக்கு ஒரு நேரம் இல்லையா. பகல்ல ஊத்துங்களேன், யார் வேண்டாங்கிறா. நேத்து ராத்திரியும் ஊத்தியிருந்தா? ஒரு டவரா பால்னா இந்தப் பன்னு வயிறு எவ்வளவு நேரம் தாங்கும்? மாதாவே, அந்த மனுஷன் கை கால் விளங்காமப் போகட்டும், ஐயையோ, வேண்டாம், வேண்டாம், அப்படி நினைக்கலை, ராத்திரி மட்டும் ஃப்ரிட்ஜ் கதவு திறக்காமப் போகட்டும். மூக்கைக் கம்பிக்கிட்ட வச்சு மோந்து பார்க்கிறேன். நாய்க்குட்டி வாசம், பழைய புடவை வாசம், கேரம் போர்டுல அப்பின பவுடர் வாசம் கூட வருது. வேற ஒண்ணும் வரலை. வரலைங்கிறதை நம்பவும் முடியலை, தினமும் பினாயில் ஊத்தி ஊத்தி மூக்கே செத்துப் போச்சு. விரலைக் கீழே விட்டு விரிப்பைத் தொட்டுப் பார்க்கலாம், தொட்டா முழிச்சுக்குவான், முழிச்சா அப்பவே வரும். தொடக் கூடாது. கையைக் கட்டிக்கிட்டுப் படு அமலி.

அமலோற்பவம். பள்ளிக்கூட போர்டிங்ல முழுப் பேரையும் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. எல்லாரையும் நிக்க வச்சு, "அமலோற்பவம், பாயை எடு." இதை ஏன் இப்ப நினைக்கிறேன். நினைக்காம எப்படி, ஈரத்துக்குப் பயந்து விடியறதைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கிறது எனக்கு இது முதல் தடவை இல்லையே. அப்ப பத்து வயசு. பாயில போயிடுவேன். போயிட்டா பாயைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு விளையாட்டு மைதானத்தைச் சுத்தணும், அது சட்டம். ஓலைப்பாய் தண்ணி குடிச்சா என்ன கனம் கனக்கும், சொட்டுச் சொட்டா நெத்தியில வழியும், நான் அழுறேனா பாய் அழுவுதான்னு தெரியாது. பெரிய கிளாஸ் பிள்ளைங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஜெபத்துக்குப் போகும். மத்தியானத்துல இருந்தே தண்ணி குடிக்க மாட்டேன், நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். அப்பவும் போயிடும். ராத்திரி தூங்கக் கூடாதுன்னு கண்ணைக் கிள்ளிக்கிட்டுக் கிடப்பேன், விடியறதுக்குக் கொஞ்சம் முன்னால அசந்துடுவேன், அப்பத்தான் போகும். திட்டினாங்க, அடிச்சாங்க, கர்த்தர் பார்க்கிறார்னாங்க. கர்த்தர் பார்த்தாரு. லூர்தம்மாதான் எழுப்பினா. பக்கத்துப் பாய்க்காரி, மணப்பாறைக்காரி, என் வயசுதான். ஒரு ராத்திரி என் கால் கட்டைவிரலைப் பிடிச்சு இழுத்தா. எந்திரின்னா. கையைப் பிடிச்சு இருட்டுல பின்பக்கம் கூட்டிக்கிட்டுப் போய், எனக்குப் பயமா இருக்கும்னு வாசல்லயே நின்னு ஏதோ ஒரு கணக்கு வாய்ப்பாட்டைச் சொல்லிக்கிட்டே இருந்தா, நான் உள்ள இருக்கிற வரைக்கும். மறுநாளும் இழுத்தா. அதுக்கு மறுநாளும். யார்கிட்டயும் சொல்லலை, என்கிட்ட கூட அதைப் பத்திப் பேசலை. பாய் காஞ்சு போச்சு. அவ்வளவுதான் விஷயம். எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போக ஒரு ஆள். இதை இவர்கிட்ட நான் சொன்னதே இல்லை, கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல. செய்தித்தாளைச் சுருட்டின அன்னிக்குச் சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, வெக்கமா இருந்துச்சு, இந்த வயசுல என்ன வெக்கம், ஆனா இருந்துச்சே. அதனால வெறும் கத்தல் மட்டும் வந்துச்சு. அவருக்கு என் கோபம் விளங்கலை, நாய்க்கு ஏன்டி இப்படிக் கத்துறேன்னு கேட்டார். நாய்க்காகத்தான்னு சொன்னேன், அதுவும் நெசம்தான்.

கம்பியில நகம் பட்டுச்சு. இது ஃபேன் இல்லை. விரலுக்குக் கீழ முதுகு இல்லை, எந்திரிச்சுட்டான். ம்ம்ங்கிறான். இரு, இது எந்த ம்ம். இத்தனை ராத்திரியில நான் கத்துக்கிட்ட பாடம் இது ஒண்ணுதான், ஜெரால்டுக்குத் தெரியாது, அவன் அனுப்புற வீடியோவுக்கும் தெரியாது. துரைகிட்ட ரெண்டு அழுகை இருக்கு. ஒண்ணு கொஞ்சல், நீட்டி இழுத்து, கடைசியில மேல தூக்கி, என்னை எடுத்து மடியில வச்சுக்கோங்கிற அழுகை. அதுக்கு எந்திரிச்சோம், தொலைஞ்சோம், ராத்திரி முழுக்கப் பாட்டுக் கச்சேரிதான். இன்னொண்ணு குட்டை, மூக்காலயே, ம்ம் ம்ம்னு வெட்டி வெட்டி, கூடவே காலை மாத்தி மாத்தி வைக்கிறது, மோந்து மோந்து ஒரு சுத்து சுத்துறது. இப்ப எது? நீளமா வருது, கொஞ்சல்தான். படுத்துக்கடா. ம்ம். சும்மா இரு. ம்ம். குட்டையாயிடுச்சே. சுத்துறான். இடம் இல்லாததால சுத்த முடியாம போர்டுல முட்டுறான், முட்டு, முட்டு, அதுக்குத்தான் கட்டினேன். அவசரம்! எந்திரி அமலி, முட்டி கழண்டாலும் எந்திரி. கூண்டுக் கதவைத் திறந்து, நடக்க விடாம, நடந்தா அங்கேயே விட்டுடுவான், அள்ளித் தோள்ல போட்டுக்கிட்டேன், ஈரமா வயிறு? இல்லை, சூடு, சூடுதான். செருப்பு வேண்டாம். தாழ்ப்பாள், அய்யோ இந்தத் தாழ்ப்பாள், சாயங்காலமே எண்ணெய் விட்டிருக்கணும். திறந்தாச்சு. லிஃப்டை ராத்திரிக்கு நிறுத்தி வச்சிருக்காங்க, மூணு மாடியும் காலால இறங்கணும். பொறு ராசா, பொறு, என் தங்கம்ல, என் சீனிக்கட்டில்ல. முந்தா நேத்து ரெண்டாவது மாடி வளைவுல என் தோள்லயே போயிட்டான், நைட்டி வழியா முதுகுல இறங்குச்சு, அங்கேயே உட்கார்ந்துட்டேன். இன்னிக்கு அதே ரெண்டாவது மாடி வந்தாச்சு. டியூஷன் டீச்சர் வீட்டு வாசல், செருப்பு மேல காலை வச்சுட்டேன், போனாப் போகுது. நெளியிறான். அவன் வயிறு என் கழுத்துக்கிட்ட இறுகிக் கிடக்கிறதை என்னால உணர முடியுது, இம்மாத்துண்டு உடம்பு, அதுல எதையோ இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, என்னை நம்பிப் பிடிச்சுக்கிட்டு வருது. முதல் மாடி. மசூதியில பாங்கு சொல்ல மைக்கைத் தட்டுறாங்க, துரை காதைத் தூக்குறான், கேட்காதே, அதை அப்புறம் கேட்கலாம். கீழே வந்தாச்சு. கட்டடம் பூசினப்ப மிச்சமான மணல் மேடு சுவரோரமாக் கிடக்கு, அதுதான் அவன் இடம், தினமும் அதேதான், இறக்கி விட்டேன்.

அசையக் கூடாது. பேசக் கூடாது. பேசினா விளையாட வந்துடுவான். மணலை மோந்தான். ஒரு எறும்பைப் பார்த்தான். எறும்பையா பார்க்கிற நேரம். பாங்கு கேட்டதும் தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு நின்னான், முடியற வரைக்கும் நின்னான், அடேய், எனக்கே வந்துடும் போல இருக்கே. அப்புறம் பின்பக்கத்தைத் தாழ்த்தி, முகத்தைப் பெரிய மனுஷன் மாதிரி வச்சுக்கிட்டு, விட்டான் பாரு. நிக்கவே இல்லை. மணல்ல குழி விழுந்து, குழி நிறைஞ்சு, ஓடி, இன்னும் வருது. ஒரு ராத்திரி முழுக்க அடக்கினது. இவ்வளவையும் அந்தப் பன்னு வயித்துக்குள்ள எப்படிடா வச்சிருந்தே! "கெட்டிக்காரன்! என் கெட்டிக்காரன்!" கத்திட்டேன், அடக்க முடியலை, எங்க முடியும். கேட்டுப் பக்கத்துல நாற்காலியில சாஞ்சிருந்த வாட்ச்மேன் காசியண்ணன் பதறி எந்திரிச்சு டார்ச்சை அடிச்சார். "யாரும்மா? என்னாச்சு?" "ஒண்ணுக்குப் போயிட்டான்ணே!" "யாரு?" "துரைண்ணே, எங்க துரை! காலை வரைக்கும் அடக்கி வச்சிருந்து மணல்ல வந்து போயிட்டான்!" டார்ச்சை மணல் மேல அடிச்சுப் பார்த்துட்டு, "இதுக்காம்மா என்னை எழுப்பினீங்க"ன்னு மறுபடி சாஞ்சுட்டார். இதுக்குத்தான். ஊரையே எழுப்புவேன் இதுக்கு. மாநிலத்துல முதல் மார்க் வாங்கினவன் அம்மா கூட இப்படி நின்னிருக்க மாட்டா, வெறுங்காலோட, தலைமயிர் அவிழ்ந்து, பல் கூட விளக்காம. துரை என் பாதத்து மேல வந்து உட்கார்ந்துகிட்டான்.

தூக்கிக்கிட்டு ஏறும்போதுதான் சுருக்குனு வந்துச்சு. இப்பப் போனான், சரி. அதுக்கு முன்னாடி? விரிப்பை நான் பார்க்கவே இல்லையே. இருட்டுல அள்ளிக்கிட்டு ஓடி வந்துட்டேன். ஃப்ரிட்ஜ் கதவு. ஒரு டவரா பாலைக் குடிச்சிருந்தா கொஞ்சம் அங்க, மிச்சம் இங்கன்னு ஆகியிருக்கலாம்ல. வயிறு காஞ்சுதான் இருந்துச்சு, ஆனா நேத்து விடிகாலையிலயும் கூண்டுல ஒரு ஓரமாப் போயிட்டு, வயித்தைக் காய வச்சுக்கிட்டு நின்னவன்தானே. முதல் மாடியில சந்தோஷம் பாதியாக் குறைஞ்சது, ரெண்டாவது மாடியில கால்பாகம் ஆச்சு. சேகர் நல்லவன்தான், தோப்பும் நல்ல தோப்புதான், ஆனா ராத்திரி இவன் ம்ம் ம்ம்னா அங்க யாருக்கு எந்த ம்ம்னு தெரியும்? மோட்டார் ஓடுற சத்தத்துல யாருக்குக் கேட்கும்? தோள்ல கனக்குறான். வீட்டு வாசலுக்கு வந்தா ஹால்ல லைட் எரியுது. சவரிமுத்து கூண்டுக்கு முன்னால முட்டி போட்டு உட்கார்ந்திருக்கார், கோயில்ல கூட அப்படி முட்டி போட மாட்டார். வலது கை தோள் வரைக்கும் கூண்டுக்குள்ள இருக்கு. உள்ளங்கையால விரிப்பை அழுத்தி அழுத்திப் பார்க்கிறார், நடுவுல, ஓரத்துல, போர்டுக்கு அடியில. கையை வெளியே எடுத்து மோந்தார். மறுபடி உள்ள விட்டார். துரையை இறுக்கிப் பிடிச்சுட்டேன் போல, அவன் கீச்சுன்னான், அவர் திரும்பினார். "காஞ்சிருக்கு அமலி." "நல்லாப் பார்த்தீங்களா?" "எல்லாப் பக்கமும் பார்த்துட்டேன். காஞ்சிருக்கு." "ராத்திரி ஃப்ரிட்ஜைத் திறந்தது யாரு?" தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "நான்தான். பாலை எடுத்தேன். அப்புறம், நீ இப்படித் தரையில கிடக்கிறதைப் பார்த்தேன். திரும்ப வச்சுட்டேன்." பேசினா அழுதுடுவேன்னு தெரிஞ்சது. துரையை இறக்கி விட்டதும் ஓடிப் போய் அவர் மடியில ஏறி மோவாயை நக்கினான், அந்த மனுஷனும் தள்ளி விடலை.

அப்புறம் போனை எடுத்தார். பட்டறை இரைச்சல்ல காது மந்தமாப் போனவர், ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவார், ஊருக்கே கேட்கும். "என்னண்ணே இந்நேரத்துல"ன்னு சேகர் கொட்டாவி விடுறான். "சேகரு, வண்டி வேண்டாம்பா. குட்டி இங்கேயே இருக்கட்டும்." "ஏண்ணே, தினமும் நனைக்குதுன்னு சொன்னீங்களே?" "அதெல்லாம் நேத்தோட சரி. ராத்திரி முழுக்க அடக்கி வச்சிருந்து இப்பக் கீழ போய் முடிச்சுட்டு வர்றான் தெரியுமா? மூணு மாசம்டா! பெரிய நாய் கூட இப்படி அடக்கி வச்சிருக்காது. நாங்க பழக்கின விதம் அப்படி. கூண்டை அளவாப் பிடிச்சோம், எட்டு மணிக்கு மேல தண்ணி காட்டலை, அழுகையிலேயே ரெண்டு விதம் இருக்கு சேகரு, அதைக் கண்டுபிடிக்கணும், அதுலதான் இருக்கு விஷயம்." நாங்களாம். பிடிச்சோமாம். நான் புலம்பினதைத்தான் ஒப்பிக்கிறார். டவராவோட குத்துக்கால் போட்டு உட்கார்ந்தவர் பேசுறார் பாரு, நெஞ்சை நிமித்திக்கிட்டு, மடியில நாயை வச்சுக்கிட்டு. எப்பவும் போல பேரை அவருக்கே விட்டுடலாம்னு அடுப்படிக்குத் திரும்பினேன். ஜெரால்டு பரீட்சை பாஸ் பண்ணினப்ப விட்டேன், இந்த வீட்டை வாங்கினப்ப விட்டேன். ரெண்டு எட்டு வச்சேன், கால் நின்னுடுச்சு. இதை விட மாட்டேன். இது என்னோடது. திரும்பி வந்து கையை நீட்டினேன், அவர் புரியாமப் போனைக் கொடுத்தார். "சேகர் தம்பி, நான் அமலோற்பவம் பேசுறேன். பழக்கினது நான். நான் ஒருத்திதான்." மடியில கிடந்த துரை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அவரும் பார்த்தார், அப்புறம் போன் பக்கம் முகத்தை நீட்டி, காது கேட்காதவங்க பேசுற அந்தச் சத்தத்துல, மூணு மாடிக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஆமா சேகரு, அவதான்."